இடதுமரைக் கம்பி

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்கள் வரிசையாக நிற்கும் தெருவின் கடைசியில், வேப்பமரத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. போர்டு கிடையாது. அதுதான் கதிரவனின் பட்டறை. மற்ற மெக்கானிக்குகள் பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிட்டு, "காயலான் கடைக்குப் போட்ருங்கண்ணே" என்று அனுப்பி வைக்கிற அம்பாசிடர், ஃபியட், மூக்கு நீண்ட வேன் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பழைய கார் வைத்திருக்கிறவன் பாதி கிறுக்கன் என்பது ஊர்ப்பேச்சு. அப்படியானால் அவனுக்கு வேலை பார்க்கிறவன் முழுக் கிறுக்கனா என்று யாராவது கேட்டால் கதிரவன் முன்பெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை. கோபப்படுவதும் இல்லை. சொன்னவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறான்.

நாற்பத்தாறு வயது. அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள்; மழை பொய்த்த வருசத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். மகன் மட்டும் எனக்குத் தீக்குச்சி மருந்து வாடையே ஆகாது என்று பதினைந்து வயதில் மதுரைக்கு பஸ் ஏறி, ஒரு ஒர்க்ஷாப்பில் எட்டு வருசம் கிடந்து, இரும்போடு திரும்பி வந்தான். மல்லாங்கிணறில் பெண் எடுத்தான். பெயர் பொன்மணி. மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்துப் பழகிய கை. வந்த மூன்றாம் மாசமே தெருப்பெண்களோடு கம்பெனி வேனில் ஏறி அச்சங்குளம் பட்டாசு பேக்டரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மருந்து வாடை வேண்டாமென்று ஓடினவன் வீட்டுக்குள்ளேயே மருந்து வாடை வந்து உட்கார்ந்துகொண்டது. விதி யாரை விட்டது?

இரும்பும் மருந்தும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும்? ரெண்டு வாளி ஆகும். பொன்மணி வீட்டில் ரெண்டு வாளி வைத்திருந்தாள். சிவப்பு வாளி அவனுக்கு, நீல வாளி அவளுக்கு. அவன் சட்டையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். அவள் சேலையோடு சேர்த்து ஊறவைத்தால் அதில் ஒரு பொட்டு அவள் சேலையில் ஏறி, மருந்து அறைக்குள் போய், எதிலாவது உரசினால் போச்சு. அதனால் வாளி வேறு, கொடி வேறு, துணி அடிக்கிற கல்கூட வேறு. வேலைக்குக் கிளம்பும்போது கொண்டை ஊசியைக் கழற்றி மாடத்தில் வைப்பாள். ரவிக்கையில் ஊக்குக்குப் பதில் நூல் முடிச்சு. அவன் பட்டறையிலிருந்து வந்து ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தால், "குளிச்சுட்டு வாங்க, இரும்பா வந்து ஒட்டாதீக" என்று தள்ளிவிடுவாள். பதினெட்டு வருசம் அப்படித்தான் நடந்தது. பிள்ளை இல்லை. அந்தக் குறையைப் பேசித் தீர்க்காமலே இருவரும் பழகிவிட்டார்கள்.

போன புரட்டாசியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, பேக்டரியில் பதினாலாம் நம்பர் அறை வெடித்தது. அந்த நேரம் உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பொன்மணி. இன்னொருத்தி அதே தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிற சோணைமுத்துவின் மனைவி சின்னத்தாய். இருவரும் வேனில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பந்தல் போட்டார்கள்.

மூன்றாம் நாள் கதிரவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் கனம். ஒரு முனையை அடித்துத் தட்டையாக்கியிருந்தது. மறுமுனையில், நட்டு ஏறுகிற மாதிரி, மரை வெட்டியிருந்தது. தீயில் கறுத்துக் கிடந்தது. மருந்து இடிக்கிற அறையில் பித்தளைக் கம்பிதான் இருக்க வேண்டும், இரும்பு இருக்கவே கூடாது. இருந்தது, அதனால் வெடித்தது என்று அங்கிருந்த போலீஸ்காரர் சொன்னார். பேக்டரி போர்மேன் ஊர்க்காவலன் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தான்: பொன்மணியின் புருசன் மெக்கானிக், பித்தளைக் கம்பி தேய்ந்துபோனதால் வீட்டிலிருந்து இரும்பை எடுத்து வந்திருப்பாள் என்று.

"ஒங்க பட்டறைக் கம்பியாய்யா இது?"

கதிரவன் அதைக் கையில் வாங்கினான். கட்டைவிரல் பழக்கதோசத்தில் மரைமேல் ஒருமுறை ஓடியது. ஏதோ ஒன்று விரலுக்கு மாறாகப் பட்டது. என்னவென்று யோசிக்கத் தெம்பில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, சோறில்லை, மனைவியை முகம் பார்த்து அடையாளம் காட்ட முடியாமல் வெள்ளி மெட்டியைப் பார்த்து அடையாளம் காட்டிவிட்டு வந்தவன். பட்டறையில் அப்படி ஆயிரம் கம்பி கிடக்கிறது.

"இருக்கலாம்" என்றான்.

அந்த ஒரு சொல்லை எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். அந்தக் கம்பி அவன் வீட்டுக் கம்பி ஆகிவிட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினெட்டு வருசம் கொண்டை ஊசியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போனவள், ஒரு சாண் இரும்பை இடுப்பில் சொருகிப் போய்ச் சின்னத்தாயையும் சேர்த்துக் கொன்றுவிட்டாள் என்று தெரு முழுக்க ஆனது. செத்தவள் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப் போகிறாள்?

சோணைமுத்து அன்றிலிருந்து கதிரவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் தெருவை மாற்றிப் போனார். பால் வாங்குகிற இடத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கதிரவனுக்கு அதெல்லாம் வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை என்பதுதான் விசயம். சுடுகிற சைலன்சரில் கை பட்டால் மெதுவாக எடுக்கிறான். டீக்கடையில் சர்க்கரை போட மறந்து கொடுத்தால் குடித்துவிட்டுக் காசு கொடுக்கிறான். காலையில் சிவப்பு வாளியில் தன் துணியை ஊறவைக்கிறான், நீல வாளியை வெறுமனே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அழுதானா என்றால் இல்லை. அழாதவனைப் பார்த்து ஊர் இன்னொன்றும் சொல்லும்: பொண்டாட்டி செத்ததில் அவனுக்கு ஒன்றுமில்லை. உள்ளே ஒரே ஒரு கேள்வி மட்டும் பல்லில் சிக்கின நார் மாதிரிக் கிடந்தது. நம்ம பட்டறையிலிருந்துதான் எடுத்துப் போனாளா? பட்டறைக் கம்பிகளை எத்தனையோ முறை கொட்டிப் பார்த்துவிட்டான். எது குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

பதினொரு மாசம் இப்படிப் போனது. ஆவணி மாசத்தில் ஒரு காலை, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டு ஒரு கார் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. இடுப்புயரம்கூட இல்லாத, தட்டையான, கத்தரிப்பூ நிறக் கார். இரண்டே சீட்டு. எஞ்சின் பின்னால். முன்னால் இருந்த பேட்ஜை எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். ஓட்டி வந்தவர் முகம்மது இஸ்மாயில். விருதுநகரில் மல்லியும் வத்தலும் மொத்தமாக வாங்கி விற்கிறவர், அறுபதைத் தாண்டியவர். பக்கத்து சீட்டில் அவர் மனைவி கைருன்னிசா, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல என்னைய வெளிய தூக்குங்கப்பா. இது காரா, குழியா?" என்றார் கைருன்னிசா. "விருதுநகர்ல இருந்து ரெண்டாவது கியர்லயே கொண்டாந்திருக்காரு. ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திப் போயிருச்சு. அந்த வண்டிக்காரன் திரும்பிப் பாத்து சலாம் வேற போடுறான்."

"இவ கெடக்கா தம்பி" என்றார் இஸ்மாயில். "வண்டி தங்கம். கியர் கம்பு மட்டும் முன்னால சாஞ்சு நிக்கிது. ஒண்ணும் மூணும் போடணும்னா டேஷ்போர்டுல போய் முட்டுது, உள்ள விழ மாட்டேங்குது. ரெண்டும் நாலும்தான் விழுது. அதைக் கொஞ்சம் பின்னால நகத்தி, கைக்கு வாகா வச்சுக் குடுத்தீகன்னா போதும். பழைய வண்டின்னா திருத்தங்கல் கதிரவன்னு எல்லாரும் சொன்னாக."

கதிரவன் குனிந்து கையை உள்ளே விட்டு கியர் கம்பை ஆட்டிப் பார்த்தான். நியூட்ரலில் நிமிர்ந்து நிற்க வேண்டியது, முன்னால் நாலு விரல்கடை சாய்ந்து நின்றது.

"எங்க வாங்குனீக பாய்?"

"இங்கனதான். அச்சங்குளத்துல பேக்டரி வச்சிருந்தாருல்ல கனகசபாபதி முதலாளி. வெடி விபத்துல பேக்டரியை மூடிட்டாங்கள்ல. குடோன்ல கெடந்ததை எல்லாம் வித்தாரு. சின்ன வயசுல இருந்து இந்த மாதிரி ஒரு வண்டி ஓட்டணும்னு ஆசை. சரி, கெடக்குதுன்னு வாங்கிட்டேன்."

தெருவில் பிரஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதிரவன் கையைத் துணியில் துடைத்தான். அந்தப் பெயரைக் கேட்டால் இரத்தம் கொதிக்க வேண்டும். எந்த மனுசனுக்கும் கொதிக்கும். சாவியை வீசியெறிந்து, எடுத்துட்டுப் போங்கய்யா என்று கத்தியிருந்தால் தெருவே அவன் பக்கம் நின்றிருக்கும். அவனுக்கு வாய் கொஞ்சம் உலர்ந்தது, அவ்வளவுதான். விருதுநகர்க்காரருக்கு அவன் யாரென்று தெரியாது. அவர் மேல் என்ன குற்றம்?

"விட்டுட்டுப் போங்க பாய். நாலு நாள்ல சொல்றேன்" என்றான்.

"வீட்டுல சாப்பாடெல்லாம் ஆச்சா?" என்று போகும்போது கைருன்னிசா கேட்டார். அது எல்லாரையும் கேட்கிற கேள்விதான். "வீட்டுல ஆள் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவன் பானெட்டைத் திறக்கப் போய்விட்டான். முன்னால் திறந்தால் ஸ்டெப்னி டயர்தான் இருந்தது.

மத்தியானம் சீட்டுகளுக்கு நடுவே இருந்த தகர மூடியைக் கழற்றினான். கியர் கம்பிலிருந்து பின்னால் இருக்கிற கியர்பாக்ஸ் வரைக்கும் ஒரு நீளக் குழாய் போகிறது. நடுவில் அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்புக் கவை. அந்தக் கவைகளை இணைக்கிற இடத்தில் ஒரு கட்டடக் கம்பித் துண்டை வைத்து, மேலே இரண்டு பொட்டு வெல்டிங் அடித்திருந்தது. சுவரில் சாணி அப்பின மாதிரி வெல்டிங். ஒன்றரை இஞ்சு நீளம் கூடுதல். அதுதான் கியர் கம்பை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. எவன் இதைச் செய்தானோ அவன் கையில் வெல்டிங் ராடைக் கொடுத்தது பாவம்.

ரம்பத்தால் பொட்டை அறுத்து, கவைகளைக் கழற்றினான். கவைகளின் முகத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் மரை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, இருக்கிற போல்ட்டையெல்லாம் வைத்துப் பார்த்தான். ஒன்றும் சேரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு கவையில் மரை வழக்கம் போல வலது பக்கம் போகிறது. மற்றொன்றில் இடது பக்கம் போகிறது. நடுவில் இருக்க வேண்டியது இரண்டு முனையிலும் எதிரெதிர் மரை வெட்டின ஒரு கம்பி. எதையும் கழற்ற வேண்டாம். கம்பியை ஒரு பக்கம் திருகினால் நீளும், மறுபக்கம் திருகினால் குறுகும். அதற்குத் தக்கபடி மேலே கியர் கம்பு முன்னால் போகும், பின்னால் வரும். ஓட்டுகிறவன் கைக்கு எது வாகோ அங்கே நிறுத்தி நட்டை இறுக்கிவிட வேண்டியதுதான். செய்த புண்ணியவான் நன்றாகத்தான் செய்திருக்கிறான். அந்தக் கம்பி இல்லை, அதனால்தான் இந்தக் கூத்து.

இடதுமரை வெட்ட வேண்டுமென்றால் சோணைமுத்துவைத் தவிர ஆளில்லை. இல்லையென்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். கதிரவன் ஒரு பீடி நேரம் யோசித்தான். மானம், ரோசம் எல்லாம் மரத்துப்போவதில் ஒரு வசதி உண்டு. எங்கே வேண்டுமானாலும் நடந்து போகலாம். கவைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் நாலாவது கட்டடமான லேத் பட்டறைக்குள் நுழைந்தான்.

சோணைமுத்து நிமிர்ந்து பார்த்தார். பிரஸ் மிஷினுக்கு ஷாப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். முகம் இறுகியது. போடா வெளியே என்று சொல்ல வாயெடுத்தவர் மாதிரி இருந்தது. ஆனால் துணிக்குள் இருந்தது வேலை. வேலையைத் திருப்பி அனுப்ப அவருக்குப் பழக்கமில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"ரெண்டையும் சேக்கிற மாதிரி ஒரு கம்பிண்ணே" என்றான் கதிரவன். "ஒரு முனை வலது, ஒரு முனை இடது. ஒரு சாண் நீளம்."

சோணைமுத்து மரை அளக்கிற கேஜை எடுத்து ஓட்டைக்குள் விட்டார். ஒவ்வொரு தகடாக மாற்றினார். "மில்லிமீட்டர் இல்லை. இஞ்சு மரை. இஞ்சுக்கு இருபத்துநாலு சுத்து" என்று லேத்திடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு ஒரு கம்பியை எடுத்து மாட்டி மிஷினைப் போட்டார். கதிரவன் வாசல் பக்கம் நின்றான். பதினொரு மாசத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள். சுவரில் சின்னத்தாயின் போட்டோ, காய்ந்த மாலையோடு. கதிரவன் அதைப் பார்த்தான், பிறகு தரையில் விழுகிற இரும்புச் சுருளைப் பார்த்தான்.

முக்கால் மணி நேரம் ஆனது. சோணைமுத்து கம்பியைக் கழற்றித் துடைத்தார். வலதுமரை முனையை ஒரு கவையில் ஏற்றினார், ஏறியது. இடதுமரை முனையை மற்ற கவையில் ஏற்றினார்; வெண்ணெய் மாதிரி ஏறியது. சரியென்று இரண்டையும் கழற்றி, கம்பியை மட்டும் உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பது போல ஒருதரம் அசைத்தார்.

அவர் கை நின்றுவிட்டது.

மிஷினை அணைத்தார். கம்பியை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். இடது முனையில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். பிறகு கதிரவனைப் பார்த்தார், பதினொரு மாசத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

"ஏலே கதிரு. இது எந்த வண்டிக்கு?"

"விருதுநகர் பாய் ஒருத்தரு வண்டிண்ணே. ரெண்டு சீட்டு காரு."

"பாய்க்கு எங்கன இருந்து வந்துச்சு?"

"கனகசபாபதி முதலாளி வித்தது. பேக்டரி குடோன்ல கெடந்ததாம்."

சோணைமுத்து கவிழ்ந்து கிடந்த டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கம்பியை நான் கையில பிடிச்சிருக்கேன்லே" என்றார். "சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டாகள்ல, அன்னைக்கு. இதே நீளம். இதே கனம். ஒரு முனையை அடிச்சுத் தட்டையாக்கிட்டான். மிச்சம் இருந்த முனையில இடதுமரை. இதேதான்லே."

கதிரவனுக்கு உடனே பிடிபடவில்லை. மரத்துப்போன காலில் தட்டினால் கொஞ்ச நேரம் கழித்துத்தானே தெரியும்? அவன் கட்டைவிரலைப் பார்த்தான். ஸ்டேஷன் மேசை ஞாபகம் வந்தது. விரலுக்கு மாறாகப் பட்டது எதுவென்று இப்போது விளங்கியது. மரை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இடதுமரைன்னதும் நான் ஒன்னையத்தான் நெனச்சேன்" என்றார் சோணைமுத்து. "இந்தத் தெருவுல இடதுமரை வேணும்னு எங்கிட்ட வாற ஒரே ஆளு நீதான? வேற எவன் வச்சிருப்பான்னு அங்கனயே முடிவு கட்டிட்டேன். ஒனக்கு நான் வெட்டிக் குடுத்ததெல்லாம் மில்லிமீட்டர். கேஜ் வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அது இஞ்சுன்னு. பொண்டாட்டி வெந்து கெடக்கையில எவன்லே கேஜ் வச்சுப் பாப்பான்?"

அவர் முண்டாசுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போர்மேன் ஊர்க்காவலன்தான் அந்தக் காரை நோண்டிக்கிட்டே திரிஞ்சானாம். மொதலாளிக்கு நல்ல பிள்ளையாகணும்ல. சின்னத்தாய் வந்து சொல்லிச் சிரிப்பா. கழட்டுனதை அங்கனயே போட்டுட்டு, சீசன் அவசரத்துல பித்தளைக் கம்பி தேஞ்சதும் அதையே அடிச்சுக் குடுத்திருப்பான், இந்தா இதை வச்சு இடிங்கன்னு. குடுத்துட்டு அவனே எழுதியும் குடுத்துட்டான். படுபாவிப் பய."  பிறகு தலையைத் தூக்கி, திட்டுவதற்கும் கெஞ்சுவதற்கும் நடுவில் ஒரு குரலில் கேட்டார்: "நீ ஏம்லே இருக்கலாம்னு சொன்ன?"

கதிரவன் கவைகளை எடுத்துத் துணியில் சுற்றினான்.

"அன்னைக்கு நீதான் கொன்னியான்னு கேட்டிருந்தாலும் இருக்கலாம்னுதான் சொல்லியிருப்பேன்ணே" என்றான்.

சோணைமுத்து எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் பிடித்த பிடி அது. "இந்தக் கவையை இனி எவன் கேட்டாலும் குடுக்காத. புதுக் கம்பியை மாட்டாத. கார் அங்கனயே நிக்கட்டும்" என்றார்.

இஸ்மாயிலுக்கு போன் போனது. மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து இருவரும் வந்துவிட்டார்கள். கதிரவன் சுருக்கமாகச் சொன்னான். சொல்லும்போது வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல இருந்தது. பேச்சுக்காரரான இஸ்மாயில், தான் ஆசைப்பட்டு வாங்கிய காரை, யார் வீட்டுப் பிணத்தையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"கார் கெடக்குது தம்பி. எத்தனை மாசம் வேணும்னாலும் கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "எங்க கூப்புட்டாலும் வந்து சொல்லுவேன், யாருட்ட வாங்குனேன், எந்த குடோன்ல இருந்து எடுத்தேன்னு. எழுதி வாங்குன பேப்பரும் இருக்கு."

கைருன்னிசா, "அன்னைக்கு வீட்டுல சாப்பாடு ஆச்சான்னு கேட்டுட்டேனே, அல்லாவே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கதிரவன் அவருக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

மனு எழுதிக் கொடுத்தார்கள். ஊர்க்காவலன் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கோர்ட்டில் அனுமதி வாங்கி, இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சோணைமுத்து, இஸ்மாயில் இருவரும் சாட்சிக்கு நின்றார்கள். அரக்கு முத்திரை வைத்த துணிப்பொட்டலத்தைப் பிரித்தார்கள். கறுத்த கம்பி வெளியே வந்தது. மேசைமேல் பக்கத்தில் கதிரவன் இடதுமரைக் கவையை வைத்தான். சோணைமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, கம்பி முனையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடலாமா என்று கேட்டார். விடச் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டரே கம்பியைக் கவையில் வைத்துத் திருகினார். ஏறவில்லை. மறுபடி திருகினார். ஏறவில்லை. 

"அந்தப் பக்கம் இல்லம்மா" என்றான் கதிரவன். "இடது பக்கம்."

அவர் இடது பக்கம் திருகினார். கம்பி ஒரு கரகரப்போடு பிடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஏழு சுற்று ஏறி நின்றது. இன்ஸ்பெக்டர் கவையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். கம்பி அசையவில்லை.

பழைய பேப்பரை எடுத்து வைத்துப் படித்தார். "ஒங்க பட்டறைக் கம்பியான்னு கேட்டதுக்கு, இருக்கலாம்னு சொல்லியிருக்கீங்க. கையெழுத்தும் இருக்கு."

"ஆமாம்மா."

"இப்ப என்ன சொல்றீங்க?"

கதிரவன் வாயைத் திறந்தான். சொல்லவேண்டியது ஒரு சொல்தான். அது வரவில்லை. அதற்குப் பதில் வேறு எதுவோ வந்தது.

"எங்க வீட்டுல ரெண்டு வாளிம்மா" என்றான். "என் துணிக்கு ஒண்ணு, அவ துணிக்கு ஒண்ணு. என் சட்டையில இரும்புத்தூள் இருக்கும்னு ஒண்ணா ஊறப்போட மாட்டா. கொண்டை ஊசியை மாடத்துல வச்சுட்டுத்தான் போவா. நான் வேலை விட்டு வந்து பக்கத்துல உக்காந்தா, குளிச்சுட்டு வாங்கன்னு தள்ளிவிடுவா. பதினெட்டு வருசம்மா. எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சிருந்தும்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தனை மாசத்துக்கும் சேர்த்து, வாய்விட்டு அழுதான். சோணைமுத்து தடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அழுது முடித்து அவன் நிமிர்ந்தான்.

"இல்லம்மா" என்றான். "என் கம்பி இல்லை. அவ கொண்டுபோகலை. எழுதிக்கோங்க."